கோ இராசகேசரிப் பெருவழி: கொங்கு நாட்டு வரலாற்றில் ஒரு வழிச்சான்று

முன்னுரை

கொங்கு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதற்கண் ஒரு குறையை எடுத்துக் கூறுவது வழக்கம். சேர சோழ பாண்டிய நாடுகளுக்கு அமைந்தாற்போலத் தனக்கே உரியதாகத் தொடர்ந்து வந்த அரச மரபொன்று இந்நாட்டிற்கு இல்லை என்பதே அக்குறை. சேரர், கங்கர், சோழர், கொங்குச் சோழர், பாண்டியர், போசளர், விசயநகரத்தார், மதுரை நாயக்கர், மைசூரார் எனப் பலரும் ஒருவர்பின் ஒருவராக இந்நாட்டை ஆண்டனர். ஆதலின், கொங்கின் வரலாறு பெரும்பாலும் பிறநாட்டு அரசர் வரலாற்றின் பிற்சேர்க்கையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது.

அரசர் மாறினும் மாறாத ஒன்று இந்நாட்டில் உண்டு. அது மேல்கடலையும் கீழ்கடலையும் இணைத்த நெடுவழி. கொங்கு நாட்டில் இதுகாறும் கிடைத்துள்ள தொல்சின்னங்களுள் பல, தனித்தனியே நோக்குங்கால் ஒன்றோடொன்று தொடர்பில்லாதன போலத் தோன்றும். ஓரிடத்துப் பாறைக் கல்வெட்டும், வேறோரிடத்து உரோமக் காசுப் புதையலும், பிறிதோரிடத்துத் தேவாரப் பதிகமும் தம்முள் என்ன உறவுடையன என்னும் வினா எழும். அவற்றை வழியின்மீது நிரலே வைத்து நோக்கின், அவை ஒரே செய்தியின் பகுதிகளாதல் புலனாகும். அச்செய்தி, வழிச்செல்வோரது அச்சமும் அவ்வச்சத்தைப் போக்க முயன்றோரது காவலும் பற்றியது. இதனை மேற்கினின்று கிழக்காக, வழி சென்ற முறையிலேயே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

நில அமைப்பு

மேற்குத் தொடர்ச்சி மலை தமிழகத்தின் மேலெல்லையில் நெடுஞ்சுவர் போல நிற்பது. அச்சுவரில் நீலமலைக்கும் ஆனைமலைக்கும் இடையே ஏறத்தாழ 30 கி.மீ. அகலமுள்ள ஓர் இடைவெளி இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் என்பது இதுவே. வண்டியும் பொதிமாடும் பெருமலை ஏறாது மேல்கடற்கரைக்குச் செல்லத்தக்க அகன்ற வாயில் இப்பகுதியில் இஃதொன்றே. கணவாய்க்கு வடகிழக்கே வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றும் நொய்யலாறு கிழக்கு நோக்கி ஏறத்தாழ 180 கி.மீ. ஓடிக் காவிரியிற் கலக்கிறது. ஆகவே, கணவாயைக் கடந்த வணிகன் நொய்யலைத் துணையாகக் கொண்டு நடப்பின் காவிரியை அடைவான். காவிரியைத் துணையாகக் கொள்ளின் உறையூரையும் புகாரையும் அடைவான். வழியை வகுத்தது ஆறு. அரசர் அதற்குப் பெயரிட்டனர்.

பிற்காலத்தாரும் இவ்வாயிலையே நாடினர். சென்னையினின்று மேல்கடற்கரையிலுள்ள பேப்பூர் வரை 1862-இல் நிறைவுற்ற இருப்புப் பாதை இக்கணவாய் வழியே சென்றது. இன்று சேலத்தையும் கொச்சியையும் இணைக்கும் 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் இவ்வழியினதே. நில அமைப்பு இட்ட கட்டளையை எந்தக் காலத்தும் மீற இயலவில்லை.

சுண்டக்காமுத்தூர்ப் பாறை

கோயம்புத்தூருக்குத் தென்மேற்கே, பேரூரை அடுத்த சுண்டக்காமுத்தூர்ப் பகுதிக் குன்றின் பாறையொன்றில் ஒரு கல்வெட்டு உள்ளது. அது கோயிற் கொடையைக் கூறவில்லை. போர் வெற்றியையும் கூறவில்லை. 'கோ இராசகேசரிப் பெருவழி' என்று வழியின் பெயரைக் கூறி, அதனைத் தொடர்ந்து வெண்பா யாப்பில் சோழனை வாழ்த்துகிறது. காவிரி நாட்டினன் என்றும் கோழியாகிய உறையூர்க்கு இறைவன் என்றும் அவ்வெண்பா அவனைச் சிறப்பிக்கின்றது. இஃது ஒரு வழிக்கு எழுந்த கல்வெட்டு. வழி ஒன்றினைப் பாட்டுடைப் பொருளோடு சேர்த்துப் பாறையிற் பொறித்த இத்தகைய சான்று அரியது என்பதில் ஐயமில்லை.

இராசகேசரி என்னும் பட்டம் சோழர் பலர்க்கு உரியது. எனினும், ஈண்டுக் குறிக்கப்படுபவன் முதலாம் ஆதித்தன் என்று ஆய்வாளர் கருதுவர். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட இவ்வேந்தன் கொங்கு நாட்டைத் தன் ஆட்சிக்குட்படுத்தினான் என்பதைக் 'கொங்குதேச ராசாக்கள்' என்னும் நூல் கூறுகிறது. கொங்கிலிருந்து கொணர்ந்த பொன்னால் தில்லைச் சிற்றம்பல முகட்டை ஆதித்தன் வேய்ந்தான் என்பது நம்பியாண்டார் நம்பி திருத்தொண்டர் திருவந்தாதியிற் குறிக்கும் செய்தி. திருநெய்த்தானம் எனப்படும் தில்லைத்தானத்துக் கல்வெட்டொன்று, ஆதித்தனும் சேரமன்னன் தாணு இரவியும் இருவருமாக ஒரு தலைவனுக்குச் சிறப்புச் செய்தமையைத் தெரிவிக்கிறது. அவன் மகன் பராந்தகன் சேரர் குடியிற் பெண் கொண்டவன். எனவே, அக்காலத்துச் சோழநாட்டிற்கும் சேரநாட்டிற்கும் இடையே நட்பும் கொள்வினை கொடுப்பினையும் வளர்ந்தன. அவ்வுறவு நடந்து சென்ற நிலம் கொங்கு.

இக்கல்வெட்டில் ஊன்றி நோக்கத்தக்கன இரண்டு. முதலாவது, எழுத்து. இது தமிழெழுத்திலும் வட்டெழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளது. சோழநாட்டினின்று வருவோர்க்குத் தமிழெழுத்துப் பழக்கமானது; மேற்கினின்று வருவோர்க்கு வட்டெழுத்துப் பழக்கமானது. இருபுறத்தாரும் படித்தறிதல் வேண்டும் என்னும் நோக்கம் இதன்கண் உளதாதல் வேண்டும். வழிப்போக்கர் நிற்கும் இடத்தில், வழிப்போக்கர் அறிந்த எழுத்தில் எழுதப்பட்டமையால், இதனை அரசன் புகழ் பாடும் பிற மெய்க்கீர்த்திகளோடு ஒருங்கு எண்ணுதல் பொருந்தாது.

இரண்டாவது, சொல். அவ்வெண்பாவில் நிழல் என்னும் சொல் ஒருமுறைக்கு மேல் வருகின்றது. அரசனது குடைநிழலைத் திங்களின் தண்மையோடு ஒப்பிடுதல் புலவர் மரபேயாயினும், அதனை ஈண்டு வெறும் அணியெனக் கொள்ளல் வேண்டுமோ என்பது ஆராயற்பாலது. கணவாய்க் காற்றும் வெயிலும் தாங்கி வந்தவனுக்கு நிழல் என்பது முதலில் மரநிழலே. அதனினும் மேலாக அவன் வேண்டியது கள்வரிடமிருந்து காக்கும் நிழல். அத்தேவை எத்துணைப் பெரிதென்பதை வழியின் பிற சின்னங்கள் காட்டும்.

பேரூரும் வெள்ளலூரும்

பாறைக் கல்வெட்டினின்று சிறிது தொலைவில் நொய்யற்கரையில் பேரூர் உள்ளது. சுந்தரர் தம் திருப்பதிகத்தில் குறித்த பழம்பதி இது. இங்குள்ள பட்டீசுவரர் கோயிலின் கனகசபை பதினேழாம் நூற்றாண்டில் அளகாத்திரி நாயக்கரால் எடுக்கப்பெற்றது. நொய்யலைக் காஞ்சிமாநதி என்று போற்றும் பேரூர்ப் புராணத்தைக் கச்சியப்ப முனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் பாடினார். சிற்பச் சிறப்பால் பலரும் அறிந்த இத்தலத்தைப் பற்றி ஈண்டு விரித்தல் வேண்டா. மலைவாயிலைக் கடந்தோர் முதலில் அடையும் ஆற்றங்கரைப் பேரூர் இதுவென்பதைக் குறித்தலே அமையும்.

ஆற்றின்வழிக் கிழக்கே செல்லின் வெள்ளலூர் வரும். 1842-இல் இவ்வூரில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட உரோம வெள்ளிக் காசுகள் ஒருங்கே கிடைத்தன. அவற்றுட் பெரும்பாலன அகத்தசு, திபேரியசு ஆகிய பேரரசர் காலத்தன. அஃதாவது, கிறித்து பிறந்த காலத்தை ஒட்டியவை. பின்னரும் 1891-இலும் 1931-இலும் இவ்வூர் காசுகளை வழங்கியது. கோவை வட்டாரத்தில் பொள்ளாச்சி, கருவூர், காங்கயத்தை அடுத்த காத்தாங்கண்ணி முதலிய இடங்களிலும் உரோமக் காசுகள் கிடைத்துள்ளன. உரோமக் காசுப் புதையல் இத்துணைச் செறிவாகக் கிடைத்த நிலப்பகுதிகள் இந்தியாவிற் சிலவே.

இதற்கு அறிஞர் கூறும் காரணம் வாணிகம். முசிறித் துறையில் இறங்கிய பொன்னும் வெள்ளியும் மிளகிற்கு மட்டுமன்றிக் கொங்கின் பச்சைக்கல்லிற்கும் விலையாயின என்பர். இது தக்கதே. ஆயினும், புதையல் என்பதன் இயல்பையும் நாம் எண்ணுதல் வேண்டும். வாணிகம் செழித்தால் காசு கைம்மாறும், மண்ணுட் புகாது. காசினைக் கலத்திலிட்டு மண்ணிற் புதைப்பவன் அதனை மீளவந்து எடுக்கும் எண்ணத்தோடுதான் புதைக்கிறான். ஈராயிரம் ஆண்டுகளின் பின்னர் உழுபடையும் மண்வெட்டியும் அதனை வெளிக்கொணர்ந்தமையின், புதைத்தவன் மீளவில்லை என்பது தெளிவு. ஆதலின், வெள்ளலூர்க் காசுகள் செல்வத்திற்குச் சான்றாவது போலவே அச்சத்திற்கும் சான்றாகின்றன. புதைத்தவன் நோயால் இறந்தானோ, கள்வரால் இறந்தானோ நாம் அறியோம். காசினை உடன்கொண்டு செல்ல அவன் துணியவில்லை என்பதை மட்டும் உய்த்துணரலாம்.

திருமுருகன்பூண்டி

இவ்வுய்த்துணர்வுக்குத் துணையாக நிற்பது சைவ இலக்கியம். சேரமான் பெருமாளிடம் விடைபெற்றுக் கொடுங்கோளூரினின்று திருவாரூர்க்கு மீண்ட சுந்தரர், கொங்கு நாட்டு வழியே வந்தார் என்று சேக்கிழார் பாடுகிறார். சேரமான் அளித்த பெரும்பொருள் ஆட்களின் தலைச்சுமையாக உடன் வந்தது. திருமுருகன்பூண்டியை அடுத்தபோது சிவபெருமான் தம் பூதகணங்களை வேடுவர் வடிவிற் செலுத்தி அப்பொருளைப் பறிக்கச் செய்தார் என்பதும், சுந்தரர் பதிகம் பாடி அதனை மீட்டார் என்பதும் பெரிய புராணம் கூறும் வரலாறு. இவ்வூர் திருப்பூருக்கும் அவிநாசிக்கும் இடையே அமைந்தது.

இதன் அருட்பொருளைச் சமயநூலார் விளக்குவர். நாம் ஈண்டு நோக்குவது சுந்தரரது பதிகத்தின் பொருட்கூறு. வில்லேந்திய வடுக வேடுவர் வழிச்செல்வோரை அச்சுறுத்தி அடித்து ஆடையையும் பறித்துக் கொள்ளும் ஊர் இதுவென்று கூறி, இத்தகைய இடத்தில் இறைவன் எதன்பொருட்டு இருக்கின்றான் என்று அவர் வினவுகிறார். இறைவனோடு தோழமை பூண்டவர் உரிமையாற் கடிந்துரைத்த பாட்டு இது. ஆயினும், அக்கடிந்துரையின் ஒவ்வொரு விவரமும் வழியின் இயல்பை அறிந்தவர் கூற்றாகவே இருக்கிறது. வேடர் யார், எக்கருவி உடையர், எதைப் பறிப்பர் என்பனவெல்லாம் கேட்டாரும் உடன்பட்ட உண்மையாக இருந்தாலன்றி அப்பாட்டு வலிமை பெறாது.

சுந்தரர் காலத்தை எட்டாம் நூற்றாண்டின் இறுதி எனக் கொள்ளினும், ஒன்பதாம் நூற்றாண்டு எனக் கொள்ளினும், அவருக்கு அணித்தாகவே ஆதித்தனது பெருவழிக் கல்வெட்டு எழுந்தது. ஒருபால், வழியிற் பொருள் பறிபோதலைக் கூறும் பதிகம். மற்றொருபால், அதே மேலைவழியில் அரசனது நிழலைப் போற்றும் வெண்பா. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்துப் படித்தார்க்கே பின்னதன் முழுப்பொருள் விளங்கும். பழந்தமிழ்ப் பாலைப் பாட்டுக்களில் வரும் ஆறலை கள்வரையும், அவர்க்கஞ்சிச் சாத்தாகக் கூடிச் சென்ற வணிகரையும், உப்பு வண்டி உமணரையும் வெறும் புலனெறி வழக்கு என்று ஒதுக்குவார் உளர். கொங்குவழியின் சான்றுகள் அக்கருத்தை மறுஆய்வு செய்யுமாறு நம்மைத் தூண்டுகின்றன.

கொடுமணலும் அரச்சலூரும்

நொய்யலின் வடகரையில் சென்னிமலைக்கு அணித்தாக உள்ள சிற்றூர் கொடுமணல். பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தில் கபிலரும் எட்டாம் பத்தில் அரிசில் கிழாரும் குறிக்கும் 'கொடுமணம்' இதுவே என்பது அறிஞர் முடிபு. பந்தர் என்னும் ஊரோடு இணைத்து, அருங்கலங்கட்குப் பெயர்பெற்றதாக அவ்விலக்கியம் இதனைப் பேசும். நெடுங்காலம் சொல்லளவில் நின்ற இவ்வூர், 1985 முதல் தமிழ்ப் பல்கலைக் கழகத்தாரும் பின்னர்ப் பிறரும் செய்த அகழாய்வுகளால் பொருளளவில் வெளிப்பட்டது.

பச்சைக்கல், நீலக்கல், பளிங்கு, சூதுபவளம் ஆகியவற்றை மணிகளாக அறுத்தும் துளையிட்டும் மெருகேற்றியும் தொழில் நடந்தமைக்குரிய தடயங்கள் அங்குக் கிடைத்தன. பச்சைக்கல் அருகிலுள்ள படியூரிலும், நீலக்கல் சிவன்மலைப் பகுதியிலும் கிடைப்பது. சூதுபவளமோ வடமேற்கு இந்தியாவினின்று வந்திருத்தல் வேண்டும். இரும்பும் உருக்கும் ஆக்கிய உலைகளும் காணப்பட்டன. பானையோடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்ட பெயர்கள் மிகப் பல. அவற்றுள் ஆதன் போன்ற தமிழ்ப்பெயர்களோடு வடபுலத்துப் பெயர்ச்சாயல் உடையனவும் உள்ளன. வணிகர் குழுவைக் குறிக்கும் 'நிகம' என்னும் சொல்லும் ஓர் ஓட்டில் உள்ளது. பலநாட்டார் கூடித் தொழில் செய்த வழித்தொழிலூர் இது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

கொடுமணலுக்கு வடகிழக்கே அரச்சலூர் மலைக்குகையில் ஒரு கல்வெட்டு உண்டு. ஐந்து வரி, வரிக்கு ஐந்து எழுத்து என்னும் அமைப்பில் தாளக்கட்டான அசைகளை அது கொண்டுள்ளது. எப்புறம் படிப்பினும் ஒத்துவரும் இவ்வெழுத்துக் கட்டினை அமைத்தவன் வண்ணக்கன் தேவன் சாத்தன். இசை வரலாற்றார் இதனைப் போற்றுவது இயல்பே. வழி வரலாற்றார்க்கு அவன் தொழிற்பெயரே முதன்மையானது. வண்ணக்கன் என்பான் காசும் மணியும் நோக்கித் தரம் கூறுபவன். அயல்நாட்டுக் காசும் உள்நாட்டு மணியும் கைம்மாறிய நிலப்பகுதியில் இத்தகைய தொழிலாளன் ஒருவன் கலையறிவும் பெற்றுத் தன் பெயரைக் கல்லிற் பொறித்தான் என்பது, இவ்வழி பொருளை மட்டும் கொண்டுசெல்லவில்லை என்பதற்குச் சான்று. வத்தவன் உதயணன் கதையைப் பெருங்கதையாகத் தமிழிற் பாடிய கொங்குவேளிரை, இவ்வட்டாரத்துச் சமணத் தலமாகிய விசயமங்கலத்தோடு இணைத்துக் கூறும் மரபும் ஈண்டு நினைக்கத்தக்கது.

கருவூர்

நொய்யல் காவிரியிற் கலக்குமிடத்துக்குக் கிழக்கே புகழூர் ஆறுநாட்டார் மலை உள்ளது. அதன் குகைத்தளத்துக் கல்வெட்டு, கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ எனச் சேரர் மூவரை நிரலே கூறுகிறது. இளங்கோவாக்கப்பட்ட காலத்துத் துறவி ஒருவர்க்கு அளித்த உறையுள் இது. அங்கேயே கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவன் அளித்த கொடையும் பொறிக்கப்பட்டுள்ளது. அரசனும் வணிகனும் ஒரே மலையில் அறம் செய்துள்ளனர்.

சேரர் தலைநகராகிய வஞ்சி எது என்னும் வினா தமிழறிஞரை நெடுங்காலம் இருவேறு அணியாக்கியது. மேல்கடற்புறமே வஞ்சி என்று கனகசபைப் பிள்ளை முதலியோர் கூற, அமராவதிக் கரைக் கருவூரே வஞ்சி என்று இரா. இராகவையங்காரும் மு. இராகவையங்காரும் நிறுவினர். தாலமி தம் நூலில் கருவூரை உள்நாட்டு நகராகவும் சேரர் அரசிருக்கையாகவும் குறித்தமை பின்னவர்க்கு அரணாயிற்று. புகழூர்க் கல்வெட்டும் அதனை வலியுறுத்துகிறது. எனினும், வழியை முதன்மையாக வைத்து நோக்குவார்க்கு இவ்வழக்கு வேறொரு தோற்றம் பெறும். முசிறி இவ்வழியின் மேலைவாய்; கருவூர் கீழைவாய். இருவாயிலையும் காப்பவனே வழியின் பயனை நுகர்வான். சேரர் மேற்கிலும் கிழக்கிலும் இருந்தமை இயல்பாகவே விளங்கும்.

வழியளந்த கற்கள்

பெருவழிகளை அரசர் அளந்தும் வைத்தனர். தகடூராகிய தருமபுரிப் பகுதியில் கிடைத்த கல்லொன்று 'அதியமான் பெருவழி' என்னும் பெயரையும், நாவற்றாவளத்திற்கு 29 காதம் என்னும் தொலைவையும் கூறுகிறது. எழுத்தின்கீழ் இரண்டு பெருங்குழிகளும் ஒன்பது சிறுகுழிகளும் வெட்டப்பட்டுள்ளன. பெருங்குழி பத்தையும் சிறுகுழி ஒன்றையும் குறிக்கும். எழுதப் படிக்க அறியாதான் விரலால் தடவியும் தொலைவை அறியலாம்; இரவில் வருவோனும் அறியலாம். சுண்டக்காமுத்தூர்ப் பாறையின் இருவகை எழுத்தில் காணும் அதே பரிவு இக்குழிகளிலும் காணப்படுகிறது.

தாவளம் என்பது வணிகச் சாத்துத் தங்கும் இடம். இச்சொல் நூல்வழக்கில் அருகினும் ஊர்ப்பெயரில் வாழ்கிறது. கோவைக்கு மேற்கே தமிழக கேரள எல்லையில் வேலந்தாவளம் என்னும் ஊர் இன்றும் உண்டு. பழைய மேலைவழியின் புறத்தே இப்பெயர் நிற்றல் தற்செயலெனத் தோன்றவில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கொங்கின் தொல்சின்னங்களை ஒரு வழியின் உறுப்புக்களாகக் கொள்ளுதல் அவற்றின் பொருளை மிகுவிக்கும் என்பது பெறப்படும். மீட்கப்படாத புதையலும், பொருளிழந்தார் பாடிய பதிகமும், நிழலைப் போற்றும் வெண்பாவும், தடவியறியும் குழியும் வழிச்செல்வோன் ஒருவனையே சுட்டி நிற்கின்றன. அரச மரபு தொடராமையைக் குறையென்று கருதிய நாம், பல அரசரும் ஒருவர்பின் ஒருவராகக் காக்க வேண்டியிருந்த வழியைக் கொங்கின் வரலாற்றுக்கு நடுவாக வைத்தல் தகும்.

இதன்கண் விரைவும் வேண்டப்படுகிறது. கோவையின் புறநகர் சுண்டக்காமுத்தூர் வரை பெருகிவிட்டது. 1992-இல் நொய்யலின் குறுக்கே பயன்பாட்டிற்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. கொடுமணல் மக்கள் மணி கழுவிய ஆற்றின் நிலை இது. வீட்டுமனைக்கும் கல்லுடைப்புக்கும் இரையாகும் குன்று ஒன்றில் எழுத்து இருந்ததா என்பதைப் பின்னர் எவரும் கூற இயலாது.

ஆதலின், முதுகலை மாணாக்கர் நூலகத்தோடு அமையாது இவ்வழியை நடந்து காணல் வேண்டும். ஒவ்வொருவரும் பேரூர் முதல் புகழூர் வரையுள்ள வழியில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, ஆங்குள்ள சுமைதாங்கிக் கல், புலிகுத்திக் கல், பழங்குளம், தாவளம் பந்தல் எனமுடியும் இடப்பெயர் ஆகியவற்றைக் குறித்து நிலப்படத்தில் இடுவாராயின், சில ஆண்டுகளில் கொங்குப் பெருவழியின் முழுவடிவம் கிடைக்கும். நூலில் ஐயுற்ற பல இடங்கள் நடந்தார்க்கு எளிதில் விளங்கும். பாறையில் வெண்பா பொறித்தவன் எதிர்பார்த்ததும் தன் முன் வந்து நின்று படிக்கும் ஒருவனையே.